கடந்துபோன ஒரு பத்தாண்டை ஸ்கெட்சாக எழுத மூன்று வழிகள்: ஒரு குழு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஒரு சிறிய நகைச்சுவைக் குழு, கடந்துபோன ஒரு பத்தாண்டை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் ஸ்கெட்ச் (சில நிமிட நகைச்சுவைக் குறுங்காட்சி) தொகுப்பை எழுத உட்காரும்போது, எழுபதுகளா, எண்பதுகளா, தொண்ணூறுகளா என்ற விவாதமே முதலில் எழுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் காலத்தை எங்கே நின்று பார்ப்பது? இன்றைய மனிதர்களை முன்னால் நிறுத்தி, அவர்கள் அந்தக் காலத்துக்காக ஏங்குவதைக் காட்டலாம். பாத்திரங்களை அந்தக் காலத்திலேயே குடியமர்த்தி, அங்கே அவர்கள் வாழும் வாழ்க்கையைக் காட்டலாம். அல்லது அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, விளம்பரம், பாடப்படம் போன்ற ஒரு வடிவத்தை அச்சு அசலாக மீண்டும் செய்து, அதற்குள் நகைச்சுவையை வைக்கலாம். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு வேறு, அவை தாங்கும் நேரம் வேறு, பார்வையாளரிடம் எதிர்பார்க்கும் முன்னறிவும் வேறு. நாலைந்து நடிகர்கள், குறைந்த பணம், மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் சில ஸ்கெட்சுகள் என்ற அளவில் இயங்கும் குழுவை மனத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான இடர் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒலிநாடாவுக்குள் பென்சிலை நுழைத்துச் சுற்றுவதைத் திரையில் காட்டினால், அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் முகம் மலர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நினைவுக்குக் கிடைப்பது. எழுதியவருக்கு அதில் பங்கில்லை. பொருளைக் காட்டி நினைவைத் தூண்டுவது மட்டுமே நோக்கமென்றால் அதற்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி வகையே இருக்கிறது. பிபிசி 2000ஆம் ஆண்டில் எழுபதுகளை ஆண்டுவாரியாக நினைவுகூரும் தொடரை ஒளிபரப்பியது; அமெரிக்காவில் விஎச்1 அலைவரிசை அதே அமைப்பை எடுத்துக்கொண்டு 2002இல் எண்பதுகளைப் பற்றியும், 2004இல் தொண்ணூறுகளைப் பற்றியும் தொடர்களை உருவாக்கியது. பிரபலங்கள் நாற்காலியில் அமர்ந்து, அந்த ஆண்டின் பொம்மையையும் பாட்டையும் சிகையலங்காரத்தையும் பற்றி ஆளுக்கு ஒரு வரி பேசுவார்கள். அங்கே அடையாளம் காண்பதே போதுமானது. 2008ஆம் ஆண்டிலேயே, பத்தாண்டு முடியும் முன்பாகவே, புத்தாயிரத்தின் முதல் ஆண்டுகளைப் பற்றியும் விஎச்1 ஒரு தொடரைக் கொண்டுவந்தது என்பதிலிருந்து அந்த வகை எவ்வளவு விரைவாகத் தன் கையிருப்பைச் செலவழித்துவிட்டது என்பது தெரியும். ஸ்கெட்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு மனிதனுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதற்குத் தடை வர வேண்டும், அந்தத் தடை ஒவ்வொரு கட்டத்திலும் பெரிதாக வேண்டும். ஆகவே, பழைய பொருள்களை எல்லாம் எடுத்துவிட்ட பிறகு ஸ்கெட்சில் என்ன எஞ்சுகிறது என்பதையே மூன்று வழிகளையும் எடைபோடும் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதல் வழியான ஏங்கும் மனிதருக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ஃபிரெட் ஆர்மிசன், கேரி பிரவுன்ஸ்டீன் இருவரும் ஜொனாதன் கிரிசலோடு சேர்ந்து உருவாக்கிய போர்ட்லாண்டியா என்ற அமெரிக்கத் தொடரின் முதல் அத்தியாயத்தில், 2011 ஜனவரியில், வந்த பாட்டு ஸ்கெட்ச். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தோழியிடம் ஒருவன் வந்து, தொண்ணூறுகள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறான். மக்கள் இலட்சியம் ஏதுமில்லாமல் மனநிறைவோடு இருந்த, பதினொரு மணி வரை தூங்கிய, நண்பர்களோடு வெறுமனே பொழுதைப் போக்கிய அந்தக் காலம் போய்விட்டதே என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, அது போர்ட்லாண்ட் என்ற ஒரே ஒரு ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்கிறான் அவன். அங்கே 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புஷ்ஷிடம் தோற்ற அல் கோர் வென்றுவிட்டதைப் போலவும், புஷ் ஆட்சி நடக்கவே இல்லாததைப் போலவும் வாழ்க்கை நடக்கிறதாம். இந்த ஒரு தகவலுக்காகவே அந்த ஸ்கெட்சை மதிக்கிறேன். கட்டம்போட்ட சட்டையும் பச்சை குத்தலும் அதில் இருக்கின்றன; ஆனால் பாத்திரங்கள் உண்மையில் ஏங்குவது சட்டைக்காக அன்று, தங்களை ஏமாற்றிவிட்ட வரலாற்றின் ஒரு திருப்பத்தை இல்லாமலாக்கிக்கொள்வதற்காக. பிரவுன்ஸ்டீன் தொண்ணூறுகளில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் உருவான ஸ்லீட்டர்-கின்னி இசைக்குழுவின் உறுப்பினர் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. தான் உள்ளிருந்து அறிந்த ஒன்றைப் பற்றி அவர் பாடுவதால், பகடியில் பகைமை துளியும் இல்லை.

இந்த வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. காட்சி இன்றைய நாளில் நடப்பதால், பழைய வீடு, பழைய வாகனம், பழைய தெரு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாண்டில் வாழாதவருக்கும் ஸ்கெட்ச் புரியும். ஏனெனில் சிரிப்பின் இலக்கு, ஏங்குவது என்ற செயல். அது எல்லாத் தலைமுறைக்கும் தெரிந்ததே. ஆனால் இதற்கு ஆழம் குறைவு. ஏங்குபவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறார் என்பதை ஒருமுறை காட்டிவிட்டால், இரண்டாம் முறை காட்டுவதற்குப் புதிய கோணம் வேண்டும். போர்ட்லாண்டியா குழுவினர் அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பருவத்தில் அதே பாட்டை எடுத்து, தொண்ணூறுகளை 1890களாக மாற்றினார்கள்: தாடி வளர்ப்பதும், கோழி வளர்ப்பதும், இறைச்சியைத் தாங்களே பதப்படுத்துவதும் ஒரு காலத்துக்கான ஏக்கமாக அங்கே பாடப்படுகின்றன. ஏக்கத்துக்கு அடிமட்டமே இல்லை, எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் போகலாம் என்ற கருத்து அதில் முழுமை பெற்றுவிடுகிறது. அத்தொடர் 2018 வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. தன் ஆற்றலில் பெரும்பகுதியை நிகழ்கால மனிதர்களின் விசித்திரங்களுக்கே அது செலவிட்டது. ஒரு தொகுப்பில் இவ்வகை ஸ்கெட்ச் ஒன்றோ, அதிகம் போனால் இரண்டோ தாங்கும். தொகுப்பு முழுவதையும் இதன் மேல் கட்ட முடியாது.

இரண்டாம் வழி, பாத்திரங்களை அந்தப் பத்தாண்டிலேயே வாழவிடுவது. இதில் பெரும் வெற்றி பெற்றவை எல்லாம் நெடுந்தொடர்கள் என்பதே குழுவுக்கான முதல் எச்சரிக்கை. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கதை தொடங்கும் அமெரிக்கத் தொடரான ஹேப்பி டேஸ் 1974இல் ஒளிபரப்பைத் தொடங்கிப் பத்தாண்டு ஓடியது. 1968இல் கதை தொடங்கும் தி வொண்டர் இயர்ஸ் 1988இல் வந்தது. 1976இல் கதை தொடங்கும் தட் செவன்டீஸ் ஷோ 1998இல் வந்து எட்டுப் பருவங்களில் 200 அத்தியாயங்களைத் தொட்டது. காலத்துக்கும் படைப்புக்கும் இடையில் இருபது ஆண்டுகள் என்ற இடைவெளி இவற்றில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை: பதின்பருவத்தில் அந்தக் காலத்தைக் கண்டவர்கள், இருபது ஆண்டுகளில் நிகழ்ச்சிகளை எழுதும் இடத்துக்கும், விளம்பரதாரர்கள் தேடும் வயதுக்கும் வந்து சேர்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு மட்டுமே போதாது. 2002இல் ஃபாக்ஸ் அலைவரிசை 1984ஆம் ஆண்டில் நடப்பதாக அமைத்த தட் எய்ட்டீஸ் ஷோ 13 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. காலம் வேண்டிய அளவுக்கு இருந்தது. அந்தக் காலத்தின் வழியாகப் பார்வையாளர் நேசிக்கக்கூடிய மனிதர்கள் உருவாகவில்லை.

மூன்று நிமிட ஸ்கெட்சில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. நெடுந்தொடரில் பார்வையாளர் முதலில் பாத்திரத்தோடு பழகுகிறார், பிறகு காலம் பின்னணியாக ஒதுங்கிவிடுகிறது. ஸ்கெட்சில் பழகுவதற்கு நேரமில்லாததால், எழுத்தாளர் கையில் எஞ்சுவது ஒரே ஒரு உத்தி: வருங்காலம் நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கும் நாள் ஒருபோதும் வராது என்று ஒரு பாத்திரம் அடித்துச் சொல்லும். நாம் சிரிக்க வேண்டும். இந்த உத்தி ஒருமுறை வேலை செய்யும். இரண்டாம் முறை வரும்போது, வசனம் முடியும் முன்பே பார்வையாளர் முடிவை அறிந்துவிடுகிறார். அதைவிட மோசமாக, அந்தக் கால மனிதர்களை அறியாதவர்களாகக் காட்டி, இன்றைய நம்மை அறிவாளிகளாக உயர்த்தும் ஒரு கர்வம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க வந்தவருக்கு இது முற்றிலும் எதிரான மனநிலை.

செலவும் இந்த வழியில்தான் அதிகம். ஒரு தெருவைக் காட்ட வேண்டுமென்றால், அதிலுள்ள ஒவ்வொரு வண்டியும் பலகையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இசை அதற்கும் மேலான தலைவலி. அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைக் காட்சியில் பயன்படுத்த, பாட்டை எழுதி இசையமைத்தவரின் உரிமையையும், ஒலிப்பதிவின் உரிமையையும் தனித்தனியே பெற வேண்டும். தி வொண்டர் இயர்ஸ் தொடர் 1993இல் முடிந்தபோதும், அதன் முழுத் தொகுப்பு 2014இல்தான் டிவிடியாக வந்தது; காட்சிகளின் உயிராக இருந்த பாடல்களுக்கு உரிமம் பெறுவதில் இருந்த சிக்கலே அந்தத் தாமதத்துக்கு முதன்மைக் காரணம். பெரிய நிறுவனத்தையே இத்தனை ஆண்டுகள் கட்டிப்போட்ட ஒன்றை, சிறிய குழு இணையத்தில் வெளியிட்ட மறுநாளே சந்திக்க நேரிடும்.

மூன்றாம் வழியை நீண்ட நேரம் பார்க்க வேண்டும். ஏனெனில் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது அதையே. ராபர்ட் பாப்பர், பீட்டர் செராஃபினோவிச் இருவரும் உருவாக்கி, 2002இல் பிபிசி டூவில் வந்த லுக் அரவுண்ட் யூ தொடரின் முதல் பருவம், பிரிட்டனில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பள்ளிக்கூடங்களுக்காக ஒளிபரப்பப்பட்ட அறிவியல் பாடப்படங்களைப் பகடி செய்தது. நிகழ்ச்சிக்கு முன்னால் நொடிகளைக் குறைத்துக்காட்டும் கடிகாரம், ஆய்வுக்கூட மேசை, பெயர்ச்சீட்டு ஒட்டிய குடுவை, முகம் காட்டாத ஒருவர் பென்சில் முனையால் பொருளைச் சுட்டுவது, ஏற்ற இறக்கமில்லாத கனிவான பின்னணிக் குரல், கண்டறிந்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு விடுக்கும் அறிவுறுத்தல் என்று அந்தப் பாடப்படங்களின் ஒவ்வொரு பழக்கமும் அதில் இருக்கிறது. கணிதப் பாடத்தில், உலகின் மிகப் பெரிய எண் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு கோடி என்று அந்தக் குரல் சற்றும் தயங்காமல் சொல்லும். அதைவிடப் பெரிய எண்களும் இருக்கக்கூடும் என்று கணித அறிஞர்கள் சந்தேகிப்பதாகவும் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாடப்படங்களை ஒருபோதும் பார்த்திராதவரும் இதற்குச் சிரிப்பார். பொய்யை இவ்வளவு உறுதியாகச் சொல்லும் குரலை எல்லாக் காலத்திலும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பழைய பொருள்களை எடுத்துவிட்டால் என்ன எஞ்சும் என்ற அளவுகோலுக்கு இது நேரான விடை.

இதன் தயாரிப்பு முறையும் சிறிய குழுவுக்குச் சாதகமானது. ஒரு மேசை, சில கண்ணாடிக் குடுவைகள், ஒரு நல்ல குரல் ஆகியவற்றோடு ஒரு பத்தாண்டு முழுவதையும் எழுப்பிவிட முடிகிறது. தெருவைக் காட்ட வேண்டிய தேவையே எழவில்லை. இசையையும் அவர்கள் அந்தக் கால மின்னிசைக் கருவிகளின் தொனியில் தாங்களே அமைத்துக்கொண்டதால், உரிமச் சிக்கல் அண்டவில்லை. ஆனால் இங்கே சேமிக்கப்படும் பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கொடுத்தாக வேண்டும். எண்பதுகள் வரையிலான பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அரங்கக் காட்சிகள் வீடியோ நாடாவிலும், வெளிப்புறக் காட்சிகள் 16 மிமீ படச்சுருளிலும் எடுக்கப்படுவது வழக்கமாக இருந்தது. நாடாவில் நொடிக்கு 50 புலங்களாக (ஒவ்வொன்றும் படத்தின் பாதிக் கோடுகள்) பதிவான அசைவில் ஒரு வழவழப்பு இருக்கும். படச்சுருளில் 25 சட்டங்களாக (முழுப் படங்களாக) பதிவான அசைவு வேறு மாதிரி கண்ணில் படும். ஒரு மனிதன் கதவைத் திறந்து வெளியே வந்தவுடன் உலகமே நிறம் மாறுவதைப் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இன்றைய கேமராவில் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் கோடுகளையும் புள்ளிகளையும் தூவினால் அந்தத் தோற்றம் வராது. சட்டத்தின் அகலத்தையும், வெளிச்சம் விழும் முறையையும், படத்தை வெட்டாமல் லென்ஸை மெதுவாக நெருக்கும் பழக்கத்தையும் படப்பிடிப்பின்போதே கடைப்பிடிக்க வேண்டும். பார்வையாளருக்கு இவற்றின் பெயர் தெரியாது. தவறினால் ஏதோ சரியில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

இந்த வழிக்கு உள்ள ஆபத்து, நகலெடுப்பதின் மகிழ்ச்சியிலேயே எழுத்தாளர் நின்றுவிடுவது. வடிவம் அச்சு அசலாக வந்த பிறகு, அதை உடைப்பதற்கு உள்ளே ஒன்று வேண்டும். 2014இல் அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் அலைவரிசை வெளியிட்ட டூ மெனி குக்ஸ் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் தொடங்கும்போது, ஒவ்வொரு நடிகரும் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்க, அவர் பெயர் எழுத்தில் தோன்றும். அந்தத் தலைப்புக் காட்சி முடியாமலே போனால் என்ன ஆகும் என்பதே சுமார் 11 நிமிடம் ஓடும் அந்தப் படைப்பின் மையம். பாத்திரங்கள் பெருகிக்கொண்டே போக, காவல்துறைத் தொடர், விண்வெளித் தொடர் என்று வகைகள் மாறிக்கொண்டே இருக்க, ஒரு கொலையாளி அந்தச் சட்டங்களுக்குள் நுழைந்து புன்னகைப்பவர்களை வேட்டையாடத் தொடங்குகிறான். கேள்வி ஒன்றே ஒன்று, அது விடாமல் வளர்கிறது.

அதைவிட எனக்கு நெருக்கமானது, 2012 முதல் 2015 வரை அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் வந்த கீ அண்ட் பீல் தொடரின் ஏரோபிக்ஸ் போட்டி ஸ்கெட்ச். எண்பதுகளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஏரோபிக்ஸ் போட்டிகளின் பளபளப்பு உடை, தலைப்பட்டை, மாறாத பெரும் புன்னகை எல்லாமே அதில் அப்படியே இருக்கின்றன. நேரலையில் இருவர் துள்ளி ஆடிக்கொண்டிருக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அட்டை அட்டையாக எழுதிக் காட்டுகிறார்: ஆடுபவனின் மனைவியும் மகளும் விபத்தில் சிக்கியிருக்கிறார்கள். அவன் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது, புன்னகையும் மாறக் கூடாது. ஆடுபவனாக நடிக்கும் கீகன்-மைக்கேல் கீயின் உதடுகள் சிரித்துக்கொண்டே இருக்க, கண்கள் மட்டும் உடைந்துபோவதைக் கேமரா நெருங்கிக் காட்டும் அந்தக் கணத்தில், எண்பதுகளின் தொலைக்காட்சி வற்புறுத்திய ஓயாத உற்சாகத்தின் விலை என்ன என்பது விளங்கிவிடுகிறது. உடையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர், சில நொடிகளில் அந்த மனிதனுக்காகப் பதறுகிறார். வடிவத்துக்குள் ஒரு காயத்தை வைப்பது என்று இதைச் சொல்லலாம். மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒவ்வொரு ஸ்கெட்சுக்கும் இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டே எழுதத் தொடங்க வேண்டும்.

முதல் வழியையும் மூன்றாம் வழியையும் இணைப்பதும் சாத்தியமே. 2004இல் பிரிட்டனின் சேனல் 4இல் ஆறு அத்தியாயங்களாக வந்த கார்த் மரெங்கிஸ் டார்க்பிளேஸ், எண்பதுகளில் எடுக்கப்பட்டு வெளிவராமல் போன ஒரு திகில் தொடர் இப்போது கண்டெடுக்கப்பட்டதாகப் பாவனை செய்கிறது. பொருந்தாத பின்னணிக் குரல், விறைத்த நடிப்பு, தொடர்ச்சி தவறிய காட்சிகள் ஆகியவற்றுக்கு இடையிடையே, அதை எழுதி நடித்தவர்கள் இன்றைய நாளில் அமர்ந்து, தாங்கள் படைத்தது காலத்தை விஞ்சிய காவியம் என்று பெருமையோடு பேட்டியளிக்கிறார்கள். பழைய காட்சி வடிவத்தைப் பகடி செய்கிறது, பேட்டி ஏக்கத்தைப் பகடி செய்கிறது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இருபது ஆண்டு இடைவெளியில் ஒரு மனிதனின் தற்பெருமை முழுவதும் தெரிகிறது. ஆனால் இதற்கு மிகத் துல்லியமான எழுத்து தேவை. முதல் தொகுப்பிலேயே இதை முயல்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஏக்கத்தின் நேர்மை பற்றியும் யோசித்தாக வேண்டும். எந்தப் பத்தாண்டும் எல்லோருக்கும் இனிமையாக இருந்ததில்லை. அந்தக் காலத்தின் நிகழ்ச்சிகளில் பெண்களும் சிறுபான்மையினரும் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்பதை மறைத்துவிட்டு எழுதும் ஸ்கெட்ச் பொய்யானது. முதல் வழியில் இதைப் பேசுவது எளிது: ஏங்குபவர் மறந்துவிட்டதை இன்னொரு பாத்திரம் நினைவூட்டிவிடலாம். இரண்டாம் வழியில், அந்தக் கால மனப்பான்மையைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் அதை ஆசிரியர் ஏற்கிறாரா, எதிர்க்கிறாரா என்பது மங்கலாகிவிடும் ஆபத்து உண்டு. மூன்றாம் வழியில் வடிவமே குற்றவாளியாக நிற்கிறது. பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ஹாரி என்ஃபீல்ட் தொண்ணூறுகளில் செய்த கருப்புவெள்ளைப் பொதுஅறிவுறுத்தல் படப் பகடிகளில், பெண்கள் தங்கள் எல்லையை அறிந்து நடக்க வேண்டும் என்று கனவான் குரலொன்று மிகுந்த கண்ணியத்தோடு உபதேசிக்கும். அந்தக் கண்ணியமே அதன் கொடுமையைக் காட்டிக்கொடுக்கிறது. தனியாக ஒரு கண்டன வசனம் தேவைப்படவில்லை.

பார்வையாளர் யார் என்பதும் தேர்வைப் பாதிக்கும். மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தையே மற்றக் காலங்களைவிட அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுகூர்கிறார்கள் என்பதை நினைவாற்றல் ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. அந்த வயதில் அந்தப் பத்தாண்டைக் கடந்தவர்களே பெரும்பான்மையாக அமரும் அரங்கில், இரண்டாம் வழிகூட எடுபடும். அவர்கள் விடுபட்டவற்றைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். இணையத்தில் வெளியிடும்போது யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்தாண்டு முடிந்த பிறகு பிறந்தவர்களும் பார்ப்பார்கள், அவர்களிடம் ஒலிநாடாவும் பென்சிலும் எந்த அசைவையும் உண்டாக்கா. அவர்களையும் சேர்த்துச் சிரிக்கவைக்க முதல் வழியாலும் மூன்றாம் வழியாலும் மட்டுமே முடியும்.

ஆகவே, குழுவுக்கு என் பரிந்துரை இது. தொகுப்பின் பெரும்பகுதியை மூன்றாம் வழியில் எழுதுங்கள். ஏங்கும் மனிதரைப் பற்றிய ஸ்கெட்ச் ஒன்றை நடுவில் வையுங்கள், அதைத் தொடக்கத்தில் வைத்தால் பின்னால் வருபவை எல்லாம் அந்த ஏக்கத்தின் விளக்கமாகிவிடும். பாத்திரங்கள் அந்தக் காலத்திலேயே வாழும் ஸ்கெட்சை, உங்களிடம் ஒரே அறைக்குள் முடியும் கதையும், வருங்காலத்தைப் பற்றிய ஒரு வசனமும் இல்லாமலே சிரிப்பு வரும் என்ற நம்பிக்கையும் இருந்தால் மட்டும் எடுங்கள். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களால் உண்மையிலேயே செய்ய முடிந்ததைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று விளக்கும் பாடப்படம், இருவர் அமர்ந்து பேசும் நேர்காணல், ஒரே அரங்கில் நடக்கும் போட்டி ஆகியவை குறைந்த பணத்தில் முழுமையாக வரும். சண்டைத் தொடரும் பிரம்மாண்ட விளம்பரமும் அரைகுறையாகவே வரும், அரைகுறை நகல் பகடியாகாது. தேர்ந்தெடுத்த பிறகு, அந்த வகையின் உண்மையான பழைய பதிவுகளைத் தேடி, குழுவாக அமர்ந்து, ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறையும், படத்தை மறைத்துவிட்டு ஒருமுறையும் பாருங்கள். ஒரு காட்சி வெட்டப்படாமல் எத்தனை நொடி நிற்கிறது, பேசுபவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், சிரிப்பொலி எந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறது என்பவற்றை எழுதிக்கொண்ட பிறகு முதல் வசனத்தை எழுதலாம்.